நிறைவேற்று மனு: அமீனாவை அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண டிக்ரி (பணத்தைக் கொடு என்ற நீதிமன்றத் தீர்ப்பாணை) கைக்கு வந்ததும் கட்சிக்காரர் இனிப்போடு வந்து நிற்கிறார். இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லை டிக்ரி வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்று, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. இப்போது டிக்ரிப் பணத்தை வசூலிக்கப் புதிய வழக்கறிஞர்கள் போடும் நிறைவேற்று மனுக்களைப் பார்த்தால், எங்கள் தலைமுறை செய்த அதே கோளாறுகள். கையெழுத்து விடுபடுவது, பேட்டா (நீதிமன்ற நோட்டீஸ், வாரண்டுச் செலவு) கட்ட மறப்பது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. நீதிமன்ற அலுவலகமே மனுவைத் திருப்பிச் சொல்லிக்கொடுத்துவிடும்.

கட்டில், பீரோ, கிரைண்டர்

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இது. கடனாளிக்கு என்ன சொத்து இருக்கிறது என்று விசாரிக்காமல், பழைய மனு ஒன்றின் அட்டவணையைப் படியெடுத்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21 விதி 43-இன்படி (இனி வரும் விதிகளும் இதே ஆணையில்தான்) அசையும் பொருள் ஜப்திக்கு வாரண்டு கேட்பது. அந்த வீட்டுப் பக்கமே போகாதவர் 'மரக்கட்டில் 2, இரும்பு பீரோ 1' என்று எழுதுகிறார்.

அதே சட்டத்தின் பிரிவு 60-ஐ ஒருமுறை படித்திருக்கலாம். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏரும் விதைநெல்லும் ஜப்திக்கு உட்படா. மிஞ்சுவதற்கு 'என் சீர்வரிசை' என்று மனைவி விதி 58-இன்படி உரிமை கோருவார்.

ஓர் இரும்புக் கடைக்காரருக்குச் சில லட்சம் டிக்ரியாகியிருந்தது. அவருடைய இளம் வழக்கறிஞர் இப்படித்தான் அமீனாவை (வாரண்டை நிறைவேற்றப் போகும் நீதிமன்ற ஊழியரை) அனுப்பினார். கடனாளி வீட்டில் இல்லை. மைத்துனர் ரசீதுகளோடு வந்து எல்லாம் தன்னுடையவை என்றார். அமீனா அதை எழுதி வாரண்டைத் திருப்பினார். ஊர் திரும்பிய கடனாளி செய்த முதல் வேலை, தன் நிலத்தை மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதியது. வில்லங்கச் சான்று போட்டிருந்தால் அந்த நிலம் முன்பே தெரிந்திருக்கும். முதலில் அதை ஜப்தி செய்திருந்தால் பிரிவு 64 காப்பாற்றியிருக்கும்; ஜப்திக்குப் பின் செய்யும் மாற்றம் டிக்ரிதாரருக்கு எதிராகச் செல்லாது. இப்போது, கடன் கொடுத்தவரை ஏய்க்கவே நிலம் கைமாறியது என்று நிரூபிக்க, சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 53-ஐப் பிடித்துக்கொண்டு இரும்புக் கடைக்காரர் தனி வழக்கு நடத்துகிறார்.

ஆகவே வில்லங்கச் சான்றுதான் முதல் வேலை. நிலமோ மனையோ இருந்தால் விதி 54-இன்படி ஜப்தி. வங்கியிலோ வாடகைதாரரிடமோ கடனாளிக்கு வரவேண்டிய பணம் இருந்தால், அதை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லிக் கேட்க விதி 46-ஏ; அவர் முன்பு கொடுத்துத் திரும்பிய காசோலையிலேயே கணக்கு எண் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் என்றால் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு, எஞ்சியதே நமக்கு. எதுவும் அகப்படாவிட்டால், டிக்ரியாகி 30 நாள் கழித்து விதி 41-இன்படி சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தரச் சொல்லி மனுச் செய்யலாம். நீதிமன்றம் உத்தரவிட்டும் தராவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு.

சரக்கு நிறைந்த கடை என்றால் என் பேச்சு வேறு. வியாபார நேரத்தில் வாடிக்கையாளர் கண் முன்னே அமீனா படியேறினால், கல்லாவிலிருந்து ரொக்கம் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

'12 ஆண்டு இருக்கிறதே'

இருக்கிறது. டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் காலக்கெடு அது. ஆனால் டிக்ரியாகி இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் விதி 22-இன்படி கடனாளிக்கு முதலில் நோட்டீஸ் போகும். திருடன் வீட்டுக்குத் தந்தி அடித்துவிட்டுச் சோதனைக்குப் போவது போல.

இருட்டிய பின் போவது

குடியிருக்கும் வீட்டுக்குள் சூரியன் மறைந்த பின் நுழையக் கூடாது. பிரிவு 62.

கைது மனுவை மிரட்டலாக நினைப்பது

பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. ஆண்கள் விஷயத்திலும், கையில் வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும். நேர்மையான இயலாமைக்குச் சிறை கூடாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்ளே போனாலும் அவருடைய சாப்பாட்டுச் செலவை நம் கட்சிக்காரர்தான் கட்ட வேண்டும்.

வாசலில் நீட்டும் பணம்

அமீனாவைக் கண்டதும் கடனாளி பாதித் தொகையை எடுத்து நீட்டலாம். தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், விதி 2-இன்படி அதை நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள். ரசீதில் 'முழுத் தீர்வு' என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கட்சிக்காரர் கையெழுத்துப் போடட்டும்.