அடுப்புச் சாம்பலை உரமாகப் போடுவது எப்படி? முதலில் மண்ணைப் பாருங்கள்

விறகுச் சாம்பல் எல்லா மண்ணுக்கும் ஆகாது. மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் வட்டாரக் கரிசலில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுதி. சாம்பலிலும் பெரும்பகுதி சுண்ணாம்புதான். அதை அங்கே கொண்டுபோய்க் கொட்டினால் செடி வெளுக்கும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துச் செம்மண் பல இடங்களில் சாம்பலை ஏற்றுக்கொள்ளும். அங்கேயும் சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

1. மண் சோதனை

காய்ந்த மண்ணை ஒரு ஸ்பூன் எடுத்து, அதன் மேல் வினிகரை ஊற்றிக் காதருகே பிடியுங்கள். சுர்ரென்று நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. சாம்பல் பேச்சே வேண்டாம். தோண்டும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வந்தாலும் அதே முடிவு. போர் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் குழாய் வாயையும் பாருங்கள். அங்கே வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் அந்தத் தண்ணீரும் நாள்தோறும் மண்ணில் சுண்ணாம்பு சேர்க்கிறது.

நுரைக்கவில்லை என்பதற்காக மண் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ அளவு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். வரும் சீட்டில் பி.எச். அளவைப் பாருங்கள். மண் புளிப்பா காரமா என்று காட்டும் எண் அது. 6.5-க்குக் கீழ் என்றால் கீழே 4-இல் சொல்லும் முழு அளவு, 6.5 முதல் 7.5 வரை பாதி அளவு, அதற்கு மேல் என்றால் போடவே வேண்டாம்.

2. எந்தச் சாம்பல்

கருவேலம், சீமைக்கருவேலம், வேம்பு, புளி, தென்னை மட்டை, சிரட்டை எரித்தது எல்லாம் நல்லது. இஸ்திரி வண்டியில் சிரட்டைக்கரி போடுவார்கள். அந்தச் சாம்பலையும் கேட்டு வாங்கலாம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் போட்டுப் பற்றவைத்த அடுப்பு, நிலக்கரி இவற்றின் சாம்பல் கூடாது. அரிசி ஆலை உமிச் சாம்பல் வேறு சரக்கு: பெரும்பாலும் சிலிக்கா என்ற மணல் சத்துதான், சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைவு. இங்கே சொல்லும் அளவுகள் அதற்குப் பொருந்தாது.

3. ஆறவைத்துச் சலித்து வைப்பது

மேலே ஆறியதுபோல் இருந்தாலும் அடியில் கங்கு இரண்டு மூன்று நாள் கிடக்கும். பழைய தகர டின்னில் அள்ளி மூடி வையுங்கள். பிளாஸ்டிக் வாளி, சாக்கு வேண்டாம். பிறகு சலித்து ஆணி, கல்லை நீக்குங்கள். கரித்துண்டுகள் கம்போஸ்ட் குழிக்குப் போகலாம். மழையில் நனைந்த சாம்பலில் சாம்பல் சத்து தண்ணீரோடு கரைந்து போயிருக்கும். வெளியில் குவித்து வைத்ததை நம்பி அளவு போட வேண்டாம்.

4. அளவு

சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிராம், இதுதான் உச்சம். ஒரு சென்ட் என்றால் 4 கிலோ. ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி கட்டிய தென்னைக்கு ஒரு கிலோ. 12 அங்குல குரோ பேக்குக்கு ஒரு டீஸ்பூன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மரத்துக்கு மரம் சாம்பலின் கனம் மாறும் என்பதால், ஒரு டம்ளரில் தலைதட்டி அள்ளிச் சமையல் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்து டம்ளர் கணக்கே போதும். "கொஞ்சம் கூடப் போட்டால் என்ன" என்ற கைதான் செடியைக் கெடுக்கிறது.

5. போடும் விதம்

விதைப்புக்கோ நடவுக்கோ பத்துப் பதினைந்து நாள் முன்னால் போடுங்கள். ஆடிக் காற்றில் போட்டால் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். காற்றில்லாத விடியற்காலையில், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு தூவுங்கள். ஈரக் கையோடு அள்ளினால் தோல் எரியும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூவி, இரண்டு அங்குல ஆழம் கொத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுங்கள். மேலேயே விட்டால் கட்டிதட்டிப்போகும். முளைவிட்ட நாற்றின் மேல் பட்டால் கருகும்.

எதோடு சேர்க்கக் கூடாது

யூரியா, அம்மோனியம் சல்பேட், டி.ஏ.பி., பச்சைச் சாணம், கோழி எரு எதோடும் கலக்காதீர்கள். சாம்பலின் காரம் பட்டதும் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கில் ஏறும் நெடி உங்கள் உரக்காசு போகும் நெடிதான். சூப்பர் பாஸ்பேட்டிலுள்ள மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்போடு சேர்ந்து வேருக்கு எட்டாமல் இறுகிவிடும். சாம்பலுக்கும் இந்த உரங்களுக்கும் நடுவே ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். சாம்பலில் தழைச்சத்து அறவே கிடையாது, எரியும்போதே போய்விடுகிறது. அதனால் மட்கிய தொழுவுரத்தை நிறுத்திவிட்டுச் சாம்பலை மட்டும் நம்பினால் செடி வளராது.

மல்லிகை, இட்லிப்பூ வைத்திருப்பவர்களுக்கு

இவை இரண்டும் காரம் ஏறினால் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோல் தெரியும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. முதிர்ந்த அடியிலை மஞ்சளானால் காரணம் பெரும்பாலும் வேறு, தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரும்புக் குறைதான் என்றால் சாம்பலை உடனே நிறுத்துங்கள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். அடுத்து வரும் கொழுந்து பச்சையாக வந்தால் போதும். ஏற்கெனவே வெளுத்த இலை முழுதாகத் தேறாமலும் போகலாம். கூடவே மட்கிய தொழுவுரத்தைத் தாராளமாகப் போட்டு வாருங்கள். மண்ணிலுள்ள சுண்ணாம்பு ஒரு பருவத்தில் குறையாது, அடுத்த ஆண்டும் அந்தப் பாத்திக்குச் சாம்பல் வேண்டாம்.