காலை ஏழு மணிக்கு ஒரு போத்தல் சேறு

வன்னியில் ஆறு என்றால் மார்கழியில்தான் ஆறு. ஆடி ஆவணியில் அது வெறும் மணல். எங்கள் கழிவுநீர் நிலையத்துக்குப் பின்னால் போகும் ஆறும் அப்படித்தான். அந்த மாதங்களில் அதில் கசிகிற தண்ணீரில் பெரும்பங்கு எங்கள் குழாயால் வருவது. கொஞ்சம் கீழே மாடு குடிக்கிறது, மணலில் ஊற்றுத் தோண்டிச் சனம் அள்ளுகிறது. மாரியில் விட்ட பிழையை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும். கோடையில் அது அங்கேயே கிடக்கும். அதனால் புதிதாக வரும் தம்பிமாருக்கு நான் முதலில் காட்டுவது, தொட்டிச் சேறு எப்படி அடியில் இறங்குகிறது என்று பார்க்கும் இந்தப் போத்தல் சோதனைதான். சேறு என்றால் இங்கே அழுக்கைத் தின்னும் கிருமிக் கூட்டம்.

ஒரு லீற்றர் பிடிக்கும், பக்கம் நேரான, வாய் அகலமான கண்ணாடிப் போத்தல் ஒன்று எடுங்கள். நூறு நூறு மில்லிலீற்றராக ஊற்றி வெளியே பிளாஸ்ரர் ஒட்டிக் கோடு போடுங்கள். அந்தக் கிருமிக்குக் காற்று விடும் காற்றூட்டும் தொட்டியில் புளோவர் (காற்றடிக்கும் இயந்திரம்) ஓடும்போதே, நுரையை ஒதுக்கி, ஒரு முழம் கீழே இருந்து அள்ளி, நிழலில் ஆடாத மேசையில் வையுங்கள்.

முதல் 5 நிமிடம் போனைப் பார்க்க வேண்டாம், போத்தலைப் பாருங்கள். நல்ல சேறு பால்தேத்தண்ணி நிறத்தில், துணுக்குத் துணுக்காய்த் திரண்டு, பிறகு எல்லாம் ஒன்றாக இறங்கும். 30 நிமிடத்தில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதுங்கள். எங்கள் தொட்டிக்கு 200க்கும் 300க்கும் இடையில் நின்றால் சரி.

600, 700இல் நின்றால்? உடனே சேற்றை வெளியே விட ஓடாதீர்கள். அதே சேறு பாதி, தெளிந்த நீர் பாதி கலந்து இன்னொரு போத்தல் வையுங்கள். அது நன்றாக இறங்கினால் தொட்டியில் சேறு கூடிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாய் உலர்த்தும் பாத்திக்கு விடலாம். அதுவும் இறங்காவிட்டால் நூல்போல வளரும் கிருமி பெருகியிருக்கும். காற்று போதுமா, சாப்பாட்டுக் கடை எண்ணெய் வருகிறதா என்று தேடுங்கள்.

30 நிமிடம் முடிந்ததும் கொட்டிவிடாதீர்கள், இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கட்டும். அடியில் கிடந்த சேறு கட்டி கட்டியாய்க் குமிழியோடு மேலே வந்தால் அது நைதரசன் வாயு. அடுத்துள்ள படிவுத் தொட்டியில், அதாவது சேறு அடியில் இறங்கி நீர் தெளியும் தொட்டியில், சேறு அதிக நேரம் தங்குகிறது, அதைக் காற்றூட்டும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பம்பைக் கூட்டுங்கள்.

ஒருமுறை பின்னேரம் ஒரு மலக்கழிவு பவுசர்காரர், யாரும் இல்லாத நேரம் பார்த்து, முழுவதையும் நுழைவுத் தொட்டிக்குள் ஒரேயடியாய்க் கொட்டிவிட்டுப் போய்விட்டார். குழிக் கழிவு சாதாரணக் கழிவுநீரை விடப் பல மடங்கு கடுமையானது. மறுநாள் போத்தல் கறுப்பு, கூழ்முட்டை மணம். பக்கத்தில் நின்ற பெடியன் குளோரினைக் கூட்டுவோமா என்றான். வேண்டாம் என்றேன். குளோரின் மணத்தை மறைக்கும், அழுக்கைத் தின்னாது. மிஞ்சிய குளோரின் ஆற்றுக் குட்டையில் கிடக்கும் மீனையும் கொல்லும். வெளியேற்று வால்வைப் பூட்டி, வருகிற நீரைச் சமன்தொட்டியில் (வரத்தைத் தேக்கிச் சீராக விடும் தொட்டி) பிடித்து, இரவும் பகலும் காற்று விட்டோம். மூன்றாம் நாள்தான் மண்ணிறம் திரும்பியது. அதன்பிறகு கேற்றுக்கு இரண்டு பூட்டு. பவுசர் தனித் தொட்டியில் கொட்டும், அதிலிருந்து நாங்கள் சிறுகச் சிறுக விடுவோம்.

உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் நீரில் பி.ஓ.டி. (நீரில் உள்ள அழுக்கைத் தின்னக் கிருமிக்குத் தேவைப்படும் ஒட்சிசன் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கும், நீரில் கரையாமல் தொங்கும் திண்மம் 50 மில்லிகிராமுக்கும் மேல் போகக்கூடாது என்பது இலங்கைச் சட்டம். ஆனால் பி.ஓ.டி. முடிவு வர 5 நாள் பிடிக்கும். அதற்குள் ஆற்றுக்குப் போகவேண்டியது போய்விடும். போத்தலுக்கு அரை மணித்தியாலம்தான்.

சோதித்த சேற்றைக் கானில் ஊற்றாமல் தொட்டியிலேயே திரும்ப ஊற்றுங்கள். போத்தலைக் கழுவச் சோப் வேண்டாம், ஒட்டியிருக்கும் துளி சோப்பும் அடுத்த நாள் கணக்கைக் குழப்பும். வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.