வெடிக்காத பலாமணை: நான் ஒன்றைக் கெடுத்த பிறகு கற்றுக்கொண்டது

ஆனி மாதச் சாரலில் செய்த உட்காரும் மணை மாசியில் வெடித்தது. நடு ராத்திரியில் 'பட்'டென்று ஒரு சத்தம். அம்மா பூனை என்று நினைத்துவிட்டார். காலையில் பார்த்தால் பலகை நடுவே ஒரு முழ நீளத்துக்குக் கோடு. அதனால் இந்தப் பதிவில் பாதி அந்தக் கோட்டைப் பற்றித்தான் இருக்கும்.

மரம்: பலா. செங்கோட்டையில் அறுப்பு மில்லில் துண்டுப் பலகையாகக் கேட்டால் தேக்கைவிட மலிவாகக் கிடைக்கிறது. இழைப்புளிக்கும் இணங்கி வரும். 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 1 அங்குல கனம். அடியில் குறுக்கே வைக்க ஒன்றரை அங்குலச் சதுரத்தில் இரண்டு கட்டைகள். நீளம் 11 அங்குலம் போதும். பலகை சுருங்கும்போது கட்டையின் முனை வெளியே நீட்டிக்கொண்டு காலில் இடிக்கக் கூடாது.

மில்காரர் "நல்லாக் காஞ்சது" என்பார். கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். அதே பலகையில் ஒரு துண்டை வெட்டி, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, பலகை மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடை குறைவது நின்ற பிறகு வேலையைத் தொடங்கலாம். எனக்கு ஏழு வாரம் ஆனது.

அறுப்பது, இழைப்பது, மூலமட்டம் வைத்துப் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். மின்சார இழைப்பு மெஷின் வேண்டாம் என்பது என் கட்சி. சின்ன வேலைக்குச் சத்தமும் தூசியும்தான் மிச்சம். துளை போட மட்டும் மின்சார ட்ரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கட்டைகள். நான் செய்த தப்பு: ஃபெவிக்கால் தாராளமாகத் தடவி, கட்டைக்கு நாலு ஸ்க்ரூ இறுக்கினேன். பக்கத்துத் தெரு ஆசாரி வெடித்த மணையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். நீரு அசையவே விடலன்னா வெடிச்சுல்லா போகும்!" மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை, அகலத்தில்தான் மாறும். குறுக்கே போகும் கட்டை தன் நீளத்தில் அப்படியே நிற்க, அதன்மேல் இருக்கும் பலகை சுருங்கப் பார்க்கிறது. பசை விடாது. பலகைதான் கிழியும். ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் காற்று வரும் ஊர் இது. ஆடியில் துவைத்த துணி காயாது, பங்குனியில் உதடு வெடிக்கும். இந்த ஆனியிலும் மாசியிலும் புது மணையை அளந்தேன்: அகலத்தில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வித்தியாசம்.

அதனால் பசையே வேண்டாம். கட்டைக்கு மூன்று ஸ்க்ரூ. நடுவில் உள்ளது சாதாரண வட்டத் துளை, அது அசையாது. ஓரத்து இரண்டும் கட்டையின் நீளவாக்கில் 10 மில்லிமீட்டர் நீளத் துளைகள். 5 மில்லிமீட்டர் பிட்டால் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை போட்டு, நடுவில் இருப்பதை உளியால் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூவின் தலை தரையில் உரசாமல் இருக்க, கால் அங்குல ஆழத்துக்கு அகலமான பள்ளமும் வேண்டும். ஓரத்தில் அந்தப் பள்ளமும் நீளமாகவே இருக்க வேண்டும். பள்ளத்தை முதலில் போடுங்கள், துளையைப் பிறகு. நான் மாற்றிச் செய்தேன். பெரிய பிட்டின் முனைக்குப் பிடிமானம் இல்லாமல் கட்டை முழுக்கக் கீறல்.

8ஆம் நம்பர், 2 அங்குல ஸ்க்ரூ, தலைக்கடியில் வாஷர். பலகைக்குள் முக்கால் அங்குலம் இறங்கும். பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைக்காமல் பலகையில் துளை போடாதீர்கள். மேலே வந்துவிட்டால் அதை மறைக்க வழியில்லை. சாதா இரும்பு ஸ்க்ரூ ஈரம் பட்டால் துருப்பிடித்து மரத்தில் கறை விடும், ஆகவே பித்தளை. பித்தளை மெதுவானது, நேராக முறுக்கினால் தலை கழன்று கையில் வரும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கிவிட்டுப் பித்தளையைப் போடுங்கள். ஓரத்து ஸ்க்ரூக்களைக் கடைசிக் கால் சுற்று விட்டுவிடுங்கள்.

உப்புத்தாள் 120, பிறகு 220. மேலே காய்ச்சிய லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய், மூன்று தடவை, நாளுக்கு ஒன்று. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

பின்சேர்க்கை 1: புளியரையிலிருந்து ஒருவர் தன் மணை கிண்ணம் மாதிரி வளைந்துவிட்டதாக எழுதினார். மேல்பக்கம் மட்டும் எண்ணெய் பூசியிருக்கிறார். அடிப்பக்கம் ஈரத்தை வேறு வேகத்தில் இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கும் அதே மூன்று தடவை. இதை நான் எழுதாமல் விட்டது என் பிழை.

பின்சேர்க்கை 2: டைல்ஸ் தரையில் வழுக்குகிறது என்று இரண்டு பேர். தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியை வெட்டிக் கட்டைகளின் முனைகளில் ஒட்டுங்கள். ஸ்க்ரூ பள்ளத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் வருஷம் ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கிறது.