கரண்ட் போய் வந்தால் சாம்பாவைக் காணோம்: ஆல்பைன் லினக்ஸில் என் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் அண்ணாச்சி ஒருவரின் அரிசிக் கடை. ஹார்டு டிஸ்க் போன பழைய கம்ப்யூட்டரில் பென்டிரைவ் வழியாக ஆல்பைன் லினக்ஸ் என்ற சின்ன இயங்குதளத்தை ஓடவிட்டு, வெளியே செருகிய டிரைவிலுள்ள பில்களை மற்ற மேஜைக் கம்ப்யூட்டருக்கும் பகிர சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். கரண்ட் போய் வந்ததும் போன்: "நேத்து இருந்துச்சுல்லா தம்பி, இன்னைக்குக் காணலியே!"

இப்படி டிஸ்க் இல்லாமல் ஓடும்போது ஆல்பைன் முழுக்க ரேமிலேயே இருக்கும்; கரண்ட் போனால் ரேமில் இருப்பது அழிந்துவிடும். மாற்றங்களைச் சேமிக்கும் 'எல்பியூ கமிட்' கட்டளையைக் கொடுத்தால்தான், அமைப்புகள் இருக்கும் ஈடிசி அடைவு பென்டிரைவில் சேமிக்கப்படும். அந்த அடைவில்தான் 'வேர்ல்ட்' என்ற சின்னக் கோப்பும் இருக்கிறது. நாம் கேட்ட மென்பொருள்களின் பெயர்கள் மட்டும் அதில் வரிவரியாக இருக்கும். அவற்றுக்குத் தேவையான மற்றதை ஆல்பைனின் மென்பொருள் நிறுவியான ஏபிகே தானே கணக்கிட்டு எடுத்துக்கொள்ளும். எனக்கு ஆல்பைனில் மிகப் பிடித்த விஷயமே இதுதான். நாலைந்து வரி படித்தால் மெஷினில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கமிட் மட்டும் போதாது. அந்தப் பெயர்களைப் பார்த்து மென்பொருள்களை மறுபடி நிறுவ வேண்டும்; பூட் ஆகும்போது நெட் இல்லையென்றால் பெயர் இருக்கும், மென்பொருள் இருக்காது. அதனால் 'செட்டப்-ஏபிகேகேச்' ஓட்டி பென்டிரைவிலேயே கேச், அதாவது மென்பொருள் பிரதிகளின் சேமிப்பிடம், வைத்தேன். முன்பே நிறுவியவை அதில் சேர 'ஏபிகே கேச் டவுன்லோடு' கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. சாம்பாவின் கடவுச்சொற்கள் ஈடிசியில் இல்லை, 'வார்' என்ற வேறு அடைவுக்குள் கிடக்கும். எல்பியூ அதைத் தானாக எடுக்காது. 'எல்பியூ இன்க்ளூட்' மூலம் அந்த அடைவையும் சேர்த்து, மறுபடி கமிட் செய்தேன். மோடத்தை அணைத்துவிட்டு ரீபூட் செய்தாலும் இப்போது சாம்பா வந்து நிற்கிறது.