செட்டிநாட்டு வீட்டில் பெரிய கேமிங் மானிட்டர்: ஹெர்ட்ஸுக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்

அளவு நாடாவை எடுத்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம் வரும் என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஸ்டாண்டின் கால் பின்பக்கமும் நீளுவதால் திரை சுவரோடு ஒட்டி நிற்காது. இரண்டடி ஆழமுள்ள மேசையில் 60 செ.மீ. கிடைத்தாலே பெரிது. அதற்கு 27 அங்குலம் சரி. 32 அங்குலத்துக்கு 75 செ.மீ. வேண்டும், அகலத்தில் மட்டும் 71 செ.மீ. பிடிக்கும்.

அளவோடு ரெசல்யூஷனும், அதாவது திரையில் உள்ள பிக்சல் எண்ணிக்கையும், சேர்ந்து வர வேண்டும். 27 அங்குலத்தில் 1440பி (2560×1440 பிக்சல்) என்றால் அங்குலத்துக்கு 109 பிக்சல், எழுத்து கூர்மையாக இருக்கும். அதே 1440பி 32 அங்குலத்தில் 92 ஆக இறங்கிவிடும். 24 அங்குல ஃபுல் எச்டி திரையின் நெருக்கம்தான் அது. தள்ளி உட்கார்ந்து விளையாடுபவருக்குப் பரவாயில்லை, எழுத்து வேலையும் பார்ப்பவருக்கு உறுத்தும். 32இல் 4கே (3840×2160) போட்டால் 138. ஆனால் 1440பியில் 37 லட்சம் பிக்சல், 4கேயில் 83 லட்சம். கிராபிக்ஸ் கார்டு அந்தச் சுமையைத் தாங்காவிட்டால் 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 முறை படம் மாறுவது) என்பது அட்டைப்பெட்டியில் மட்டும்தான்.

60 ஹெர்ட்ஸிலிருந்து 144க்குப் போனால் ஒரு ஃபிரேமின் நேரம் 16.7 மில்லி செகண்டிலிருந்து 6.9க்கு இறங்கும், கண்ணுக்கே தெரியும். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சமாவது 2.8 மில்லி செகண்ட்தான். போட்டிக்கு விளையாடாதவர்கள் அந்தப் பணத்தைப் பேனலில் போடலாம்.

பேனல் வகையை (ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி) முடிவு செய்வது அறையின் வெளிச்சம். வளவைச் சுற்றிய பத்தியில் (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்) மேசை போட்டால், நண்பகலில் முற்றத்து வெயில் ஆத்தங்குடி கல்லிலும் வெள்ளைக்கரு பூசிய சுவரிலும் பட்டுத் திரையில் வந்து விழும். முற்றம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இருட்டுக் காட்சியில் உங்கள் முகம்தான் தெரியும்; முன்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள். இங்கே மேட் பூச்சுள்ள, 350 நிட்ஸுக்குக் (திரை வெளிச்சத்தின் அளவு) குறையாத ஐபிஎஸ் போதும். இருட்டான உள்ளறையில் ஐபிஎஸ்ஸின் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அங்கே விஏ நல்லது. ஆனால் மலிவான விஏ பேனலில் இருட்டுப் பகுதி நகரும்போது கரி இழுத்ததுபோல் தடம் விழும். கடையிலேயே கரும்பின்னணியில் சாம்பல் எழுத்தை வேகமாக ஸ்க்ரோல் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘1 எம்எஸ்’ (ஒரு மில்லி செகண்டில் பிக்சல் நிறம் மாறும்) என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

ஓஎல்இடி இரண்டையும் விட அழகு. ஆனால் அதில் ஒரு வகையான க்யூடி ஓஎல்இடி வெளிச்சமான இடத்தில் கறுப்பை லேசான ஊதாவாகக் காட்டும், பத்திக்கு ஒத்துவராது. இன்னொன்று: சில மணி நேரப் பயன்பாட்டுக்குப் பிறகு, ஸ்டாண்ட்பையில் (மின்சாரம் வந்தபடி திரை மட்டும் அணைந்த நிலையில்) இருக்கும்போது ஓஎல்இடி தானே பிக்சல்களைச் சரிசெய்துகொள்ளும். விளையாட்டு முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவது நம் வீட்டுப் பழக்கம். தினமும் அப்படிச் செய்தால் அந்த வேலை நடக்காமலே போய், படத்தின் தடம் பதிய வாய்ப்பு கூடும்.

எச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருந்தாலே 4கே 120 ஹெர்ட்ஸ் வரும் என்றில்லை. அந்த போர்ட்டில் 4கே எத்தனை ஹெர்ட்ஸ் என்று விவரப் பட்டியலில் தனியாகப் பாருங்கள். பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம், எச்டிஎம்ஐ 2.0 மானிட்டரில் அதன் விஆர்ஆர் (விளையாட்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் ஹெர்ட்ஸ் மாறும் வசதி) வேலை செய்யாது. கணினிக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 போதும், 4கே 120க்கு மேல் போக டிஎஸ்சி (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) வேண்டும்.

பழைய சுவரில் மாட்டத் துளை போடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. மேசையில் கிளாம்ப் போடும் மானிட்டர் ஆர்ம் (திரையைத் தாங்கும் கை) நல்லது. தேக்குப் பலகையின் தடிமன், அடியில் டிராயர் தடுக்கிறதா, பின்புறம் 100க்கு 100 மி.மீ. வெசா துளை (ஆர்மை மாட்டும் பொது அளவுத் துளை) உண்டா, மானிட்டரின் எடை ஆர்மின் வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். வளைந்த திரைக்கு எடை முன்னால் தள்ளும். வரம்பை ஒட்டி வாங்கினால் தலை கவிழும்.

பழைய வயரிங் உள்ள வீட்டில் எர்த் சரியாக வருகிறதா என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்ப்பது, யுபிஎஸ் வாங்குவதற்கு முந்தைய வேலை.

32 அங்குலத்துக்கு மேல் போனால் வரி அதிகம் என்ற கணக்கு இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 சதவீதம்தான். ஆன்லைனில் வாங்கினால் காரைக்குடிப் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்வார்களா, எத்தனை டெட் பிக்சலுக்கு (எரியாத புள்ளிக்கு) மாற்றித் தருவார்கள் என்று முதலில் கேளுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ஏற்றிவிடுங்கள். மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவ் (பிக்சலை வேகமாக நிறம் மாற்றும் வசதி) நடு நிலையில் இருக்கட்டும். உச்சத்தில் வைத்தால் நகரும் உருவத்தின் பின்னால் வெள்ளை நிழல் ஓடும்.