பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கை வைக்கும் முன் இதைப் படியுங்கள்

"கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது" என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, "ஃபேன் சுத்துதா?" என்பதுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. பட்டனை அழுத்தினார்கள், திரையில் ஒன்றும் வரவில்லை, உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விட்டார்கள். நான் பார்த்தவரை பழைய மெஷின்களில் தானாக வந்த கோளாறு சின்னதாகத்தான் இருக்கும். சரிசெய்கிறேன் என்று இறங்கியபோது உண்டானதுதான் பெரிதாக இருக்கும்.

எல்லாவற்றையும் 'ஆன் ஆகவில்லை' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது. பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் கரண்ட் வருகிற வழியில் சிக்கல். ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் ராம் (தற்காலிக நினைவகம்), டிஸ்ப்ளே, மதர்போர்டு (எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகை) பக்கம் பார்க்க வேண்டும். கம்பெனி லோகோ வந்தபின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரியோடு நின்றுவிட்டால் ஹார்ட் டிஸ்க்கோ, பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டிலேயே உள்ள புரோகிராம்) செட்டிங்கோ காரணமாக இருக்கலாம். விண்டோஸ் லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸ் ஃபைல்கள் கெட்டிருக்கலாம், அல்லது டிஸ்க் தள்ளாடுகிறது. நான்கும் நான்கு வேறு வியாதி. மூன்றாவது வகைக்கு ராமைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தால், தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான்.

திரையில் வரும் அந்த ஒரு வரியைப் படிக்காமலேயே மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்வார்கள். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பூட் செய்ய, அதாவது விண்டோஸைக் கிளப்ப, டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்கிற மாதிரி செய்தி வந்தால், முதலில் யுஎஸ்பி போர்ட்டில் பென் டிரைவ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய மெஷின்கள் அதிலிருந்து பூட் ஆகப் பார்த்து, முடியாமல் அங்கேயே நின்றுவிடும். அரை மணி நேரம் விண்டோஸைத் திட்டித் தீர்த்துவிட்டு, கேபினட்டின் பின்பக்கம் நானே சொருகி மறந்த பென் டிரைவைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

வெளியே பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் மூடியைக் கழற்றுவதும் அப்படித்தான். பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டுச் சுவர் பிளக்கில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். தூசி துடைத்த கையோடு மதர்போர்டின் போர்ட்டில் மாட்டிவிட்டு 'டிஸ்ப்ளே போச்சு' என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் சில பழைய மாடல்களில் 115, 230 என்று எழுதிய சின்ன சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். 'இதையும் தள்ளிப் பார்க்கலாமே' என்று மட்டும் தோன்றக் கூடாது. 230 வோல்ட் வரும் இடத்தில் அதை 115 பக்கம் தள்ளி ஆன் செய்தால், 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை, எஸ்எம்பிஎஸ் காலி.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் வேலை செய்கிற வேறொன்றை மாட்டிப் பார்த்து முடிவுக்கு வரலாம். மதர்போர்டைப் பொறுத்தவரை கண்ணே போதும்: கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ நோய் அங்கேதான். 2000களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் மட்டமான கெப்பாசிட்டர்களால் இது ஊர் உலகமெல்லாம் இருந்த பிரச்சினை.

அடுத்து ராம். இது நிஜமாகவே பலன் தரும் வைத்தியம், ஆனால் செய்கிற விதத்தில்தான் பலர் சொதப்புகிறார்கள். கம்ப்யூட்டரை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பிளக் சுவரில் இருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் மீதி வடிந்துவிடும். பெயின்ட் இல்லாத கேபினட் தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை விடுங்கள். ராமின் இரு முனையிலும் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் அதுவே மேலே எழும். தங்க நிறப் பற்கள் இருக்கும் ஓரத்தைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு மூன்று முறை லேசாகத் தேய்த்தால் போதும். உப்புக் காகிதம், கத்தி முனை, சென்ட் பாட்டில் எல்லாம் வேண்டாம். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாதபடி தள்ளி நின்று தேய்த்து, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது ராமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேருக்கு நேர் வர வேண்டும். வரவில்லை என்றால் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது அது வேறு தலைமுறை ராம். டிடிஆர்2 இருந்த இடத்தில் டிடிஆர்3 உட்காராது. இரண்டு கிளிப்பும் 'டிக்' என்று மூடும்வரை ஒரே சீராக அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த ராமும் கறுப்புத் திரையைத்தான் தரும்.

இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். இந்த 'ஒவ்வொன்றாக' என்பதில்தான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். ராம், கிராஃபிக்ஸ் கார்டு, பேட்டரி, கேபிள்கள் என்று அத்தனையையும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். ஆன் ஆனது. பெருமையாகவும் இருந்தது. இரண்டு வாரம் கழித்து அதே கறுப்புத் திரை. எதைத் தொட்டதால் அன்று சரியானது என்று எனக்கே தெரியாததால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒன்றை மாற்றுங்கள், ஆன் செய்து பாருங்கள், பலன் இல்லையா, அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தாளில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பீப் சத்தம் வந்தால் எண்ணுங்கள். ஆனால் எங்கோ பார்த்த பட்டியலை வைத்துப் பொருள் சொல்லாதீர்கள். ஏஎம்ஐ பயோஸின் கணக்கு வேறு, அவார்ட் பயோஸின் கணக்கு வேறு. அந்த மதர்போர்டின் மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

சரி, தேதியையும் பயோஸ் செட்டிங்கையும் காத்து வைக்கும் சிமோஸ் பேட்டரி. நாணயம் போல வட்டமாக, பெரும்பாலும் சிஆர்2032 என்று பெயர் பொறித்த 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும். தேதியைப் பார்க்காமல் பிரவுசரை அழித்து அழித்து இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்கள்.

இந்த பேட்டரியைக் கழற்றி மாட்டுவதை ஏதோ முதலுதவி மாதிரி நினைக்கிறார்கள். அதனால் பயோஸ் செட்டிங் அத்தனையும் ஆரம்ப நிலைக்குப் போகும் என்பது பிறகுதான் உறைக்கும். டிஸ்க்கோடு மதர்போர்டு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் சாட்டா மோட் என்று ஒரு செட்டிங் உண்டு. ஏஹெச்சிஐ மோடில் இருந்தபோது விண்டோஸ் போட்டிருப்பீர்கள். ரீசெட் ஆனதும் அது ஐடிஇ-க்கு மாறினால், விண்டோஸ் கிளம்பும்போதே நீலத் திரை விழும். டிஸ்க் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு வரி மாறிவிட்டது. அதற்காக ஃபார்மட் வரைக்கும் போனவர்கள் உண்டு. பயோஸுக்குள் போக முடிகிறது என்றால் பேட்டரியைத் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் பயோஸில் கை வைத்த பிறகு 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது எங்கே இருக்கிறது என்பதை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்ப வாங்க முடியாதது ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது. உள்ளிருந்து ஒரே சீராக 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக் கணக்கில் ஆனாலோ, செக் டிஸ்க்கை (டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவி) ஓட விட்டு இரவு முழுக்க விட்டுவிடுவது மோசமான யோசனை. கெட்ட இடங்களைத் தேடச் சொன்னால் அது டிஸ்க் முழுவதையும் படிக்கப் பார்க்கும். மூச்சு வாங்குகிறவரை மலை ஏறச் சொல்வது மாதிரி. விண்டோஸ் தானாகவே அந்த வேலையைத் தொடங்கினாலும் நிறுத்தி ஆஃப் செய்துவிடுங்கள். பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டு அதிலிருந்து பூட் செய்து, போனால் திரும்பக் கிடைக்காத ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். படங்கள் முதலில், டவுன்லோட் செய்த சினிமா கடைசியில். ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகிவிடும் என்று பழைய வைத்தியம் ஒன்று சுற்றுகிறது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். உள்ளே தகவலைப் படிக்கும் ஹெட், சுழலும் தகட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அந்த இடைவெளிக்கு ஒரு தூசியே பாறாங்கல். சத்தம் ஒன்றும் இல்லாமல் டிஸ்க் வெறுமனே தெரியவில்லை என்றால் மட்டும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

"எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான மெஷின்களில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். வீடே சரிந்தால் இரண்டு அறையும் சேர்ந்துதான் போகும்.

விண்டோஸ் அப்டேட் நடுவில் 30 சதவீதத்தில் நிற்கிறதே என்று பவரை அணைக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பழைய டிஸ்க்கில் மணிக்கணக்கில்கூட ஆகும். சேஃப் மோடுக்கு எஃப்8 விண்டோஸ் 7 வரைதான் வழக்கம். விண்டோஸ் 8 முதல் அது வேலை செய்யாததைப் பார்த்து கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பூட் ஆகாமல் அடுத்தடுத்து தோற்றால் அதுவே ரிப்பேர் திரையைக் கொண்டுவரும். அங்கே சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோட் எல்லாம் இருக்க, நேராக ஃபார்மட்டுக்குப் போகாதீர்கள். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருப்பதெல்லாம் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கிறது. பயோஸ் அப்டேட் செய்தால் சரியாகும் என்று யாராவது சொன்னாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள். தானாக ஆஃப் ஆகிற மெஷினில் அது பாதியில் நின்றால் அப்புறம் லோகோகூட வராது.

லேப்டாப் என்றால் அடாப்டரைக் கழற்றி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அதையும் எடுத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு அடாப்டரை மட்டும் போட்டுப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டு தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், குத்திப் பார்க்கக் கூடாது.

ஒருவழியாக ஆன் ஆகிவிட்டால் மூடியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்க அவசரப்படாதீர்கள். ஃபைல்களைக் காப்பி செய்து முடித்து, ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். சூடாக இருக்கும்போது ஒழுங்காக ஓடி, ஆறிய பிறகு எழ மறுக்கிற மெஷின்கள் நிறைய உண்டு. காலையில் முதல் அழுத்தலிலேயே ஆன் ஆகி, தேதியும் சரியாக இருந்தால் மூடியை மாட்டலாம்.