அந்தக் கதையில் பலூனே கிடையாது: பயணக் கதைப் புத்தகங்களில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை வாசிப்பது என் வழக்கம். ஒருநாள், எண்பது நாளில் உலகைச் சுற்றிய ஃபிலியாஸ் ஃபாக் எதில் ஏறிப் போனார் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "பலூன்!" என்றார்கள். என் கையிலிருந்த சுருக்கப் பதிப்பின் அட்டையிலும் பெரிதாக ஒரு பலூன். பார்த்துப் பார்த்து அதை வாங்கி வந்தது நான்தான்.

ஜூல்ஸ் வெர்ன் 1872-இல் தொடராக எழுதி, 1873-இல் புத்தகமாக வந்த நாவல் அது. அதில் ஃபாக்கும் அவருடைய வேலையாள் பாஸ்பார்த்தூவும் ரயிலில் போகிறார்கள், நீராவிக் கப்பலில் போகிறார்கள். இந்தியாவில் தண்டவாளம் நின்றுபோன இடத்தில் யானையை விலைக்கு வாங்கிப் போகிறார்கள். அமெரிக்கப் பனிவெளியில் பாய் கட்டிய சறுக்குவண்டி. அட்லாண்டிக்கில் நிலக்கரி தீரப் போகிறது என்றதும் கப்பலையே விலை பேசி, அதன் மரத்தையெல்லாம் பெயர்த்து எரிக்கிறார்கள். பலூன் அங்கே பேச்சுக்கு வருகிறது. நடைமுறைக்கு ஒத்துவராது என்று வந்த வேகத்திலேயே போய்விடுகிறது. அதைக் கதைக்குள் ஏற்றியது 1956-இல் வந்த ஹாலிவுட் படம். ஆஸ்கார் வாங்கிய படம்தான், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வந்த அட்டைப்படக்காரர்கள் பலர் படத்தைப் பார்த்தே வரைந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

படம் பார்த்தால் போதும், சுருக்கம் வாசித்தால் போதும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இதில் தொலைந்துபோவது சின்னத் தகவல்கள் மட்டும் என்றால் பரவாயில்லை. ஃபாக் கதையின் உயிரே ஒரு கணக்கில் இருக்கிறது. அவர் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு பாகை தாண்டும்போதும் அவருடைய நாள் நான்கு நிமிடம் சுருங்குகிறது. 360 பாகைக்கு 1,440 நிமிடம், அதாவது சரியாக ஒரு நாள். எண்பது நாளில் சுற்றி வருகிறேன் என்று கட்டிய பந்தயத்தில் தோற்றுவிட்டோம் என்று வீட்டில் முடங்கிக் கிடப்பவருக்கு ஒரு நாள் மிச்சம் இருப்பது அப்படித்தான். என்னிடமிருந்த சுருக்கப் பதிப்பு இதை ஒரே வரியில் முடித்துவிட்டது. ஒரு ஆரஞ்சுப் பழமும் டார்ச் லைட்டும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சுற்றிக் காட்ட வேண்டிய இடம் அது.

வெர்னின் இன்னொரு தலைப்பும் இப்படி மாட்டிக்கொள்கிறது. கடலுக்கடியில் இருபதாயிரம் லீக் என்றதும், அவ்வளவு ஆழம் போனார்கள் என்று பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு லீக் சுமார் 4 கிலோமீட்டர். 80,000 கிலோமீட்டர் ஆழம் போனால் பூமியைத் துளைத்து மறுபக்கம் வெளியே வந்து, அதற்கப்புறமும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பூமியின் குறுக்களவே 12,700 கிலோமீட்டர்தான். அது கடலுக்கடியில் கடந்த தூரம். பூமியை இரண்டு முறை சுற்றி வருகிற தூரம். இந்தக் கதையின் ஒரு பகுதி தமிழ்நாட்டு ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது, ஆகவே பல பிள்ளைகளுக்கு நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் தெரியும். அதன் தலைவன் நீமோ யார் என்பது தெரியாது. 1875-இல் முடிந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் வெர்ன் அதைச் சொல்கிறார்: நீமோ ஒரு இந்திய இளவரசன், புந்தேல்கண்ட் அரசரின் மகன், திப்பு சுல்தானின் உறவினன், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்றவன். சினிமாவில் அவன் பல தடவை வெள்ளைக்காரனாகவே வந்து போயிருக்கிறான்.

(ஆஸ் நாட்டுக்குப் போன டோரத்தியின் சிவப்புச் செருப்பும் இதே வகைதான். 1900-இல் வந்த புத்தகத்தில் அது வெள்ளி. வண்ணப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று 1939-இல் சிவப்பாக்கினார்கள்.)

சரி, அப்படியானால் முழுப் புத்தகத்தையே வாங்கிவிடலாமா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1726-இல் வந்த 'கலிவரின் பயணங்கள்' பெரியவர்களை, அதிலும் அரசியல்வாதிகளைக் குத்திக் கிழிக்க எழுதிய நூல். நான்கு பயணங்களில் குள்ளர் நாடும் ராட்சதர் நாடும் மட்டும் பிள்ளைகள் அலமாரிக்கு இறங்கி வந்தன. இது தெரிந்தும், மூலம்தான் உசத்தி என்ற பிடிவாதத்தில் எட்டு வயதுக்காரர்களுக்கு முழுப் பதிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குள்ளர் நாட்டு அரண்மனையில் தீப்பிடிக்கிறது. கலிவர் அதை அணைப்பது சிறுநீர் கழித்து. மாடியில் பத்து நிமிடம் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. உண்மையில் தோற்றுப்போனது அந்த இடத்தில் இல்லை. நான்காம் பயணத்தில் மனிதர்கள் மீதே வெறுப்பாகிப் போகும் கலிவரிடம் பிள்ளைகளுக்கு ஒட்டவே இல்லை. பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். கதாநாயகன் ஊர் ஊராகப் போகிறான் என்பதாலேயே அது சிறுவர் கதை ஆகிவிடாது.

இதற்கு நேர் எதிரான தவறு, பயணப் புத்தகத்தைப் பொது அறிவுக்காக மட்டும் வாங்குவது. "இதைப் படிச்சா நாடுகளோட தலைநகரமெல்லாம் தெரியுமா?" என்று கேட்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது நில்ஸ் ஹோல்கெர்சனின் கதை. சுவீடன் ஆசிரியர்களின் சங்கம் எழுத்தாளர் செல்மா லாகர்லோஃபிடம், பிள்ளைகள் சொந்த நாட்டைத் தெரிந்துகொள்ள ஒரு பள்ளிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டது. பாடநூல் எழுதச் சொன்னதற்கு அவர் என்ன கொடுத்தார் தெரியுமா? சோம்பேறியும் விலங்குகளை வதைப்பவனுமான ஒரு பதினான்கு வயதுப் பையன் குட்டிச்சாத்தானின் சாபத்தால் கட்டைவிரல் அளவாகிறான். பண்ணையின் வெள்ளை வாத்து காட்டு வாத்துகளோடு பறக்கக் கிளம்ப, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெற்குக் கோடியிலிருந்து வடக்கே லாப்லாந்து வரை போய் வருகிறான். 1906-லும் 1907-லும் இரண்டு பாகமாக வந்தது. 1909-இல் லாகர்லோஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலக்கியத்துக்கு அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

முதல்முறை மேலிருந்து கீழே பார்க்கும் நில்ஸுக்கு நிலம் கட்டம் போட்ட பெரிய துணியாகத் தெரிகிறது. ஏன் இத்தனை கட்டம் என்று குழம்புகிறான். பிறகுதான் பச்சைக் கட்டம் ஒரு பயிர், பழுப்புக் கட்டம் இன்னொரு வயல் என்று பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. ஸ்கோனே மாகாணம் சமவெளி, விவசாய பூமி என்று எழுதிப் போட்டிருந்தால் தேர்வு முடிந்ததும் மறந்திருக்கும். எங்கள் பிள்ளைகள் அன்றைக்கே கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று தெருவை எட்டிப் பார்த்தார்கள். தகர ஷீட் ஒரு கட்டம், நீலத் தார்ப்பாய் ஒரு கட்டம், காய வைத்த வடகம் ஒரு கட்டம். வாத்துக் கூட்டத்தின் தலைவிக்குப் பெயர் அக்கா என்பதில் அவர்களுக்கு ஏற்பட்ட சந்தோஷம் தனி. நிஜமாகவே அந்த வாத்தின் பெயர் அதுதான், நான் மாற்றவில்லை. சுருக்கப் பதிப்புகள் பலவற்றில் வாத்துகள் மிஞ்சும், ஊர்க்கதைகள் போய்விடும். வாங்கும் முன் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள்: மூலம் ஐந்நூறு பக்கத்துக்கும் மேல்.

ஊர் காட்டும் படப் புத்தகங்களில் வேறொரு சிக்கல். செக் ஓவியர் மிரோஸ்லாவ் சாஷெக் 1959-இல் தொடங்கி பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று நகரத்துக்கு ஒன்றாக வரைந்த புத்தகங்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன. அருமையானவை. ஆனால் இன்றைய நகரத்தைக் காட்டுகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். 1960-இல் வந்த நியூயார்க் புத்தகத்தில் இரட்டைக் கோபுரங்கள் இருக்க முடியாது, அப்போது கட்டப்படவில்லை. இன்றைக்குப் போனாலும் பார்க்க முடியாது. நடுவில் வந்து போனவற்றைப் பற்றிப் பேச அதுவே நல்ல இடம். நகரத்தில் எது மாறியிருக்கிறது என்று மறுபதிப்புகளின் கடைசிப் பக்கத்தில் குறிப்பு இருக்கும், அதைப் படிக்காமல் மூடிவிடுகிறோம்.

கதையை வழிகாட்டி நூலாக நம்புவதும் இதே மாதிரிதான். ஃபாக் யானை வாங்கிய 1872-இல் பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்கு ரயில் பாதை முழுதாக இருந்தது, 1870-லேயே திறந்தாயிற்று. யானைச் சவாரி வேண்டும் என்று வெர்ன் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததும் இல்லை.

வராமல் எழுதியவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பெல்ஜியத்தின் எர்ஜே வரைந்த டின்டின், உலகம் சுற்றும் நிருபர். 1931-இல் புத்தகமான அவனுடைய காங்கோ பயணம், அந்த நாட்டை ஆண்டவர்களின் கண்ணால் வரைந்தது. ஆப்பிரிக்கர்கள் தடித்த உதட்டுக் கேலிப் பொம்மைகள். டின்டின் அவர்களுக்கு வகுப்பெடுக்கிறான், "உங்கள் தாய்நாடு பெல்ஜியம்" என்று. 1946-இல் வண்ணத்தில் திருத்தி வரைந்தபோது அந்தப் பாடம் கணக்குப் பாடமானது. உதடுகள் அப்படியேதான் இருந்தன.

இதைப் பெற்றோர் இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள். ஒருவர் "அந்தக் காலத்துப் புத்தகம், தமாஷுதானே" என்று கொடுத்துவிடுவார். இன்னொருவர் டின்டினையே வீட்டுக்குள் விடமாட்டார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏனென்றால் அதே எர்ஜே 1934-இல் சாங் சோங்ரென் என்ற சீன மாணவரைப் பிரஸ்ஸல்ஸில் சந்தித்தார். சீனாவைப் பற்றிக் கதை எழுதுவதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து கேட்டார். அடுத்து வந்த 'நீலத் தாமரை'யில் பின்னணியில் தெரியும் சீன எழுத்துகள் நிஜ எழுத்துகள். வெள்ளத்திலிருந்து டின்டின் காப்பாற்றும் பையன், என்னை ஏன் காப்பாற்றினாய் என்று வியக்கிறான். எங்கள் ஊரில் உங்களைப் பற்றி இப்படியெல்லாம் நம்புகிறார்கள் என்று டின்டின் சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை வரைந்தவர் யாரிடமாவது கேட்டு வரைந்திருப்பார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஃபாக் கதையில் கணவனின் சிதையிலிருந்து மீட்கப்படும் இளம் விதவை அவுதாவையும் இப்படியே பேச வேண்டியிருக்கும். இந்தியா என்றதும் யானை, பாம்பு, உடன்கட்டை என்று பார்த்த கண் அது. நாமே பார்க்கப்படுபவர்களாக இருக்கும்போது இந்தக் கேள்வி பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் புரிகிறது.

அப்புறம், பயணம் என்றால் சுற்றுலா என்று எடுத்துக்கொள்வது. ஆசையாகக் கிளம்பியவர்களின் கதையை மட்டும் வாங்கி அடுக்குகிறோம். பெரு நாட்டிலிருந்து ஒளிந்து வந்து லண்டன் ரயில் நிலையத்தில் நிற்கும் பாடிங்டன் கரடியின் கழுத்தில் ஒரு சீட்டு தொங்கும்: இந்தக் கரடியைத் தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். உலகப் போரின்போது கழுத்தில் பெயர்ச்சீட்டோடு ஊரைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்து மைக்கேல் பாண்ட் எழுதியது அது. 1886-இல் இத்தாலியில் வந்த ஒரு கதையில் பதின்மூன்று வயது மார்கோ, வீட்டுவேலைக்காக அர்ஜென்டினா போன அம்மாவைத் தேடித் தனியாகக் கப்பலேறுகிறான். வளைகுடாவுக்கு அம்மாவை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் ஊரிலும் இலங்கையிலும் எத்தனை பேர்.

ஷான் டான் 2006-இல் வரைந்த 'தி அரைவல்' என்ற புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட வாசிக்க முடியாது. புது நாட்டுக்குப் பிழைக்கப் போகும் ஒருவரின் கதை, முழுக்கப் படங்கள். எழுத்தில்லை என்பதால் சின்னக் குழந்தைக்கு வாங்கி ஐந்து நிமிடத்தில் புரட்டிவிடுவார்கள். அந்த நாட்டின் பெயர்ப்பலகைகள் ஓவியர் கற்பனையாக உருவாக்கிய எழுத்தில் இருக்கும். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று எங்கள் பிள்ளைகள் என்னை நச்சரித்தார்கள். ஒடிசாவிலிருந்து ஆறு மாதம் முன்பு வந்திருந்த, எங்கள் காவலாளியின் மகள் மட்டும் கேட்கவில்லை. "பஸ் போர்டு இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

கடைசியாக, வாசிக்கும்போது நடக்கும் தவறு. ஊர்ப்பெயர் வந்தவுடன் நிறுத்தி உலக வரைபடத்தை விரிக்காதீர்கள். கப்பல் எரிந்துகொண்டிருக்கும்போது யாருக்கு அட்சரேகை வேண்டும்? அத்தியாயம் முடியட்டும். ஆரஞ்சுப் பழம் சுற்றிக் காட்டிய அன்றும் நான் விளக்கி முடித்து, கேள்வி கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பையன் கேட்டுவிட்டான்: "தேதி மாறுற கோட்டைப் பிறந்தநாள் அன்னிக்குத் தாண்டினா ரெண்டு தடவை கேக் வெட்டலாமா அங்கிள்?" கிழக்குப் பக்கமாகத் தாண்டினால் அதே தேதி மறுபடி வரும், வெட்டலாம் என்றேன். மேற்கே போனால் பிறந்தநாளே இல்லாமல்கூடப் போகலாம் என்றதும், யார் யார் எந்தத் திசையில் கப்பலேறுவது என்று சண்டை ஆரம்பித்துவிட்டது.